வெரிகோஸ் வெயின்: நின்று வேலை செய்தவர்களின் வரலாறு (நீண்ட இழை)

1.
இன்னைக்குக் கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீயை எடுத்துக்கிட்டு உட்கார்ந்து படிங்க. "உட்கார்ந்து" என்பதை வேணும்னே சொல்றேன், ஏன்னு போகப் போகப் புரியும்.

கெங்கவல்லி பக்கம் ஓபியில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சுங்க சார்." சொல்லிக்கிட்டே புடவையையோ வேட்டியையோ முழங்கால் வரை தூக்கிக் காட்டுவாங்க. கெண்டைக்காலில் பச்சையும் நீலமுமா மண்புழு நெளியிற மாதிரி புடைச்சிருக்கும். அதுதான் வெரிகோஸ் வெயின்.

2.
முதல்ல ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இது நரம்பு இல்லை. நம்ம பேச்சுத் தமிழில் தோலுக்கு மேல நீளமாத் தெரியிறது எல்லாமே "நரம்பு"தான். ஆனால் மருத்துவத்தில் நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் கம்பி மாதிரி. இங்கே புடைச்சிருப்பது ரத்தக்குழாய். அதிலும் இதயத்துக்குத் திரும்பிப் போகும் ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய். பாடப்புத்தகத் தமிழில் "சிரை".

இந்தக் குழப்பத்தால் நஷ்டமும் உண்டு. "நரம்புதானே, நரம்பு ஊசி போட்டா சரியாயிடும்" என்று வருஷக்கணக்கில் பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன். அந்த ஊசிக்கும் இந்தப் புடைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

3.
இந்த இழையை எழுத வைத்தது என்னுடைய ஒரு தப்பு. அதை முதலிலேயே சொல்லிடறேன்.

எம்பிபிஎஸ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. நாற்பது வயசு தாண்டிய ஒரு அக்கா காலில் புண்ணோடு வந்தாங்க. உள்பக்கக் கணுக்காலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஆறாத புண். சுத்தியும் தோல் கறுத்து, பலகை மாதிரி கெட்டியா இருந்தது. சுகர் பார்த்தேன், நார்மல். ஆன்டிபயாட்டிக் எழுதினேன், டிரெஸ்ஸிங் போடச் சொன்னேன். வாரா வாரம் வந்தாங்க. கொஞ்சம் ஆறும், திரும்பப் பிரியும். இப்படியே ஏழெட்டு மாசம் ஓடிப்போச்சு.

4.
ஒருநாள் எங்க சீனியர் சர்ஜன் அந்தப் பக்கம் வந்தார். புண்ணைப் பார்த்தார். அந்த அக்காவை எழுந்து நிக்கச் சொன்னார். ரெண்டே நிமிஷத்தில் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைச்சு வந்தது. படுக்க வைச்சே பார்த்துக்கிட்டிருந்த எனக்கு அதுவரை அது தெரியவே இல்லை.

அப்புறம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "என்ன வேலைம்மா பாக்குற?"

"துணிக்கடைங்க சார். காலையில ஒம்போதரைக்கு நின்னா ராத்திரி ஒம்போது மணிங்க. சாப்பிடுற நேரம் மட்டும்தான் உட்காருவோம்."

ஏழெட்டு மாசத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது.

5.
இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத் தேடிப் போனப்பதான் இந்த நோயின் கதையே எனக்குத் தெரிய வந்தது. கிட்டத்தட்ட மூவாயிரத்து ஐநூறு வருஷக் கதை. எகிப்தில் ஆரம்பிச்சு நம்ம சட்டமன்றம் வரை வருது. வாங்க, போகலாம்.

6.
எகிப்து. கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் எபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி. அதில் பாம்பு மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு புடைத்திருக்கும் ரத்தக்குழாய் வீக்கங்களைப் பற்றிய குறிப்பு உண்டு. சிகிச்சை? கத்தி வைக்காதே என்ற எச்சரிக்கைதான். வெட்டினால் ரத்தம் நிக்காது, ஆள் போயிடுவான் என்ற அனுபவ அறிவு.

அடுத்து கிரேக்கம். ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் நூல்களில் புண்களைப் பற்றிய ஒன்று இருக்கு. காலில் புண் இருக்கிறவர் நிற்பது நல்லதல்ல என்று அதில் சொல்லியிருக்கு. சுமார் 2,400 வருஷத்துக்கு முந்தைய அறிவுரை. புண்ணுக்கு மருந்து தேடுறதுக்கு முன்னாடி, நிற்கிறதை நிறுத்து!

7.
ரோமில் ஒரு சுவையான கதை. கேயஸ் மேரியஸ் என்ற பெரிய தளபதி. அவருக்கு ரெண்டு காலிலும் வெரிகோஸ். மயக்க மருந்து கிடையாத காலம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் நோயாளியைக் கட்டிப்போடுவது வழக்கம். இவர் கட்டவே விடலை. ஒரு காலை அறுத்து முடிக்கும்வரை முகம் சுளிக்காமல் பொறுத்துக்கிட்டார். மருத்துவர் அடுத்த காலுக்கு வந்தப்போ, போதும், இந்த வலிக்கு அந்தக் குணம் ஈடாகாது என்ற அர்த்தத்தில் சொல்லி அனுப்பிட்டாராம். புளூட்டார்க் பதிவு பண்ணியிருக்கார்.

ஆபரேஷன் தேதி குடுத்ததும் "யோசிச்சு சொல்றேன் சார்" என்று காணாமல் போகும் நம்ம ஆட்களைக் கோவிச்சுக்க எனக்கு இப்போ மனசு வர்றதில்லை. ரோமானியத் தளபதியே அப்படித்தான்.

8.
இந்த மூவாயிரம் வருஷத்தில் யாருக்கும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாது. இது ஏன் காலில் வருது?

பதிலுக்கான முதல் துண்டு இத்தாலியின் பதுவா நகரத்தில் கிடைச்சது. ஃபேப்ரிசியஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியர். சிரைகளை அறுத்துப் பார்க்கும்போது உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் மாதிரி சவ்வுகள் இருப்பதைக் கவனிச்சார். 1603-ல் இந்தக் கதவுகளுக்காகவே ஒரு புத்தகம் போட்டார். ஆனால் அவை எதுக்கு இருக்குன்னு தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். ரத்தம் காலை நோக்கி வேகமாக இறங்கித் தேங்கிடாமல் தடுக்கும் வேகத்தடை என்று நினைச்சார்.

9.
அதே பதுவாவில் படிச்ச ஒரு ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி. அவர்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இந்தக் கதவுகள் எல்லாமே இதயத்தைப் பார்த்துத்தான் திறக்குது. அப்படின்னா சிரையில் ரத்தம் போகும் திசையே இதயத்தை நோக்கித்தானே இருக்கணும்? 1628-ல் வந்த அவருடைய நூல், ரத்தம் உடம்பைச் சுத்தி ஓடுது என்பதை நிறுவியது. அதில் முக்கியமான சாட்சி இந்தக் கதவுகள்தான்.

நீங்களே பண்ணிப் பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டுப் புறங்கையிலோ முன்கையிலோ தெரியும் ஒரு ரத்தக்குழாயை ஒரு விரலால் அழுத்துங்க. இன்னொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, முழங்கை பக்கமாகத் தள்ளி, மேல் விரலை எடுத்துடுங்க. இடையில் கதவு இருந்தால் குழாய் காலியாவே இருக்கும், மேலிருந்து ரத்தம் திரும்பி வராது. கீழ் விரலை எடுத்ததும் டக்குனு நிரம்பும். ஹார்வி காட்டினதும் கிட்டத்தட்ட இதேதான்.

10.
இப்போ காலுக்கு வருவோம். கிணத்திலிருந்து தண்ணி மேலே வர மோட்டார் வேணும். கால் ரத்தம் மேலே போக எந்த மோட்டார்? இதயம் இல்லை. கெண்டைக்கால் சதை.

நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி உள்ளே இருக்கும் ஆழமான சிரைகளைப் பிழியும். ரத்தம் மேலே போகும். சதை தளரும்போது கீழே விழப் பார்க்கும், கதவுகள் மூடிக்கும். போர் மோட்டார் போட்டவங்களுக்குப் புட் வால்வு தெரியும். அதே கதைதான். இதனால்தான் கெண்டைக்காலை "இரண்டாவது இதயம்" என்கிறோம்.

11.
ஒரு கணக்கு சொல்றேன். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் ரத்தத்தின் எடை அது. நடக்க ஆரம்பிச்சால், கதவுகள் நல்லா இருக்கும் ஆளுக்கு, அது 30-க்குக் கீழே இறங்கிடும்.

கவனிங்க. நடப்பது காலுக்கு ஓய்வு, அசையாம நிற்பதுதான் சுமை. "நாள் பூரா நின்னேதானே இருக்கேன், தனியா வாக்கிங் எதுக்கு சார்?" என்று கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில். நிற்பதும் நடப்பதும் காலுக்கு ஒன்னு கிடையாது. எதிரெதிர்.

12.
இந்த 90 அழுத்தம் வருஷக்கணக்கில் தொடர்ந்தால்? குழாயின் சுவர் பலவீனமா இருக்கிற ஆளுக்கு அது விரியும். குழாய் விரிஞ்சால் ரெண்டு கதவும் நடுவில் சந்திக்காது. இடைவெளி வழியா ரத்தம் கீழே ஒழுகும். கீழே இருக்கும் அடுத்த கதவுக்கு இன்னும் சுமை கூடும், அதுவும் விரியும். இப்படி ஒன்னு விட்டால் இன்னொன்னு. கடைசியில் குழாய் நீண்டு, சுருண்டு, தோலுக்கு மேலே தெரிய ஆரம்பிக்கும். நிற்கும்போது மூணு மில்லிமீட்டருக்கு மேல் விரிஞ்ச சிரையைத்தான் வெரிகோஸ் என்கிறோம்.

13.
"சார், எனக்குப் புடைப்பு இல்ல, சிலந்தி வலை மாதிரி சிவப்பும் ஊதாவுமா கோடு மட்டும் இருக்கு" என்று கேட்கிறவங்க உண்டு. அது ஸ்பைடர் வெயின். தோலுக்குள்ளேயே இருக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் விரிவது. கர்ப்பம், ஹார்மோன், வயசு, குடும்ப வாகு எல்லாம் காரணமாகலாம். பெரும்பாலும் அழகு சார்ந்த விஷயம்தான், பயப்பட வேண்டாம்.

1999-ல் வெளியான எடின்பரோ ஆய்வில் 18 முதல் 64 வயதுக்குள் இருந்த 1,566 பேரின் கால்களைப் பார்த்தாங்க. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்த மாதிரி மெல்லிய கோடுகள் இருந்தது. பெரிய வெரிகோஸ் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம். "பொம்பளைங்க நோய்" என்று நினைக்கிற ஆண்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.

ஒரு விதிவிலக்கு: உள்பக்கக் கணுக்காலைச் சுத்தி விசிறி மாதிரி நுண்கோடுகள் கொத்தாக வந்தால், உள்ளே அழுத்தம் கூடியிருக்குன்னு அர்த்தமாக இருக்கலாம். அதை மட்டும் காட்டிடுங்க.

14.
குடும்ப வாகு எவ்வளவு முக்கியம்? 1994-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு: அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 90 சதவீதம். ரெண்டு பேருக்குமே இல்லைன்னா 20 சதவீதம்.

வேலை எவ்வளவு முக்கியம்? டென்மார்க்கில் வேலை செய்யும் மக்களை 12 வருஷம் தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு: வேலை நேரத்தின் பெரும்பகுதி நின்றோ நடந்தோ கழிப்பவர்களுக்கு வெரிகோஸுக்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு மத்தவங்களை விட ஏறத்தாழ 1.8 மடங்கு.

பெத்தவங்களை மாத்த முடியாது. உடல் எடை, வேலை செய்யும் முறை, இது ரெண்டையும் மாத்தலாம். வேலை செய்யும் முறையை மாத்துறது தொழிலாளி கையில் மட்டும் இல்லை என்பதுதான் இந்த இழையின் மையம்.

15.
இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். "என்ன வேலை பாக்குற?"

இதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் பெர்னார்டினோ ரமாசினி என்ற இத்தாலிய மருத்துவர். 1700-ல் மொதெனா நகரத்தில் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோட இன்னொன்னையும் சேர்த்துக்கோங்க, அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்க என்றார்.

அந்த நூலில் நின்று வேலை செய்கிறவங்களுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு. கால் சிரை புடைப்பு, கால் புண், எல்லாம் சொல்லியிருக்கார். மருந்தும் சொல்லியிருக்கார்: வேலைக்கு நடுவில் உட்காருங்க, இல்லைன்னா நடங்க, நிற்கிறதைத் துண்டு துண்டா உடைங்க. 300 வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. ஏழெட்டு மாசம் டிரெஸ்ஸிங் போட்ட எனக்கு அது தெரியலை.

16.
மருத்துவர்கள் கத்தியைத் தீட்டிக்கிட்டிருந்த காலத்தில், இன்னொரு பக்கம் நாற்காலிக்கான சண்டை நடந்தது.

விக்டோரியா காலத்து லண்டன். பெரிய பெரிய துணிக்கடைகள். கவுன்டருக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கும் இளம் பெண்கள். 1884-ல் தாமஸ் சதர்ஸ்ட் என்ற வழக்கறிஞர், கவுன்டருக்குப் பின்னால் இருக்கும் சாவையும் நோயையும் பற்றி ஒரு புத்தகம் போட்டார். கடைத் தொழிலாளர்களே சொன்ன சாட்சியங்கள் அதில் இருந்தது.

1899-ல் பிரிட்டனில் சட்டம் வந்தது. கடையில் மூணு பெண் ஊழியருக்கு ஒரு இருக்கையாவது போடணும். மூணு பேருக்கு ஒன்னு! அதுக்கே அவ்வளவு போராட்டம்.

17.
அதே காலத்தில் ஆபரேஷன் தியேட்டரில் என்ன நடந்தது? 1890 வாக்கில் ஜெர்மன் சர்ஜன் டிரெண்டலன்பர்க், தொடையில் போகும் பெரிய சிரையைக் கட்டிவிட்டால் மேலிருந்து ஒழுகுவது நிக்கும் என்று காட்டினார். அவர் பெயரில் உள்ள பரிசோதனையை இன்னைக்கும் எம்பிபிஎஸ் மாணவர்கள் தேர்வில் செய்து காட்டுறாங்க. படுக்க வைத்துக் காலைத் தூக்கி ரத்தத்தை வடிச்சு, தொடையில் கட்டி, நிக்க வைத்து, கட்டை அவிழ்த்துப் பார்ப்பது. நானும் தேர்வில் அழகா செஞ்சு மார்க் வாங்கினவன்தான். ஓபியில்தான் மறந்துட்டேன்.

1907-ல் அமெரிக்காவின் பேப்காக், சிரைக்குள் கம்பி விட்டு அப்படியே உருவி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். "நரம்பை உருவிட்டாங்க" என்று நம்ம ஊரில் சொல்றது இதைத்தான். உருவினா ரத்தம் எப்படிப் போகும் என்று பயப்பட வேண்டாம். கால் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆழமான சிரைகள் வழியாத்தான் போகுது. கெட்டுப்போன மேல்குழாயை எடுப்பதால் நஷ்டமில்லை.

இந்த நூற்றாண்டில் உருவும் தேவையே குறைஞ்சிடுச்சு. உள்ளேயே லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் குழாயை மூடிடலாம், நுரை மருந்து செலுத்தி ஒட்ட வைக்கலாம். பெரும்பாலும் அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போயிடலாம்.

18.
அழுத்தமான காலுறைக்கும் ஒரு கதை உண்டு. கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளருக்கே இந்தத் தொல்லை. நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால் லேசாவதைக் கவனிச்சார். தண்ணி ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். அதாவது கணுக்காலில் அதிகம், மேலே வரவரக் குறைவு. அதே மாதிரி அழுத்தும் காலுறையை வடிவமைச்சார். இன்னைக்கு நாங்க எழுதித் தரும் ஸ்டாக்கிங்கின் தத்துவம் அதுதான்.

19.
நம்ம நாட்டுக்கு வருவோம். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-வது பிரிவு என்ன சொன்னது தெரியுமா? நின்று வேலை செய்யவேண்டிய தொழிலாளிக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு செய்து தரணும். சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே எழுதிட்டாங்க.

ஆனால் கடை? நம்ம கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம், நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் ஒரு மணி நேர இடைவேளை, எல்லாம் இருந்தது. நாற்காலி மட்டும் இல்லை. மில்லில் இருப்பவனுக்குக் கால் வலிக்கும், கடையில் இருப்பவளுக்கு வலிக்காது என்று நினைச்சாங்களோ என்னவோ.

20.
இதை உடைச்சது கேரளத்துப் பெண்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி. அவர் தொடங்கிய "பெண்கூட்டு" அமைப்பு முதலில் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. கடைப் பெண்கள் கழிப்பறை இல்லாததால் தண்ணியே குடிக்காமல் இருந்தாங்க. அடுத்து வந்த கோரிக்கைதான் உட்காரும் உரிமை. வருஷக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தை நிறையப் பேர் கண்ணில் பட வைத்தது 2010-ல் வந்த வசந்தபாலனின் "அங்காடித் தெரு". ரங்கநாதன் தெரு கடைகளில் நின்னே தேயும் பிள்ளைகளின் கதை. பார்க்காதவங்க பாருங்க.

21.
2021 செப்டம்பர் 6. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதா கொண்டுவந்தார். அதே மாசம் நிறைவேறியது. புதுசாகச் சேர்ந்த 22-ஏ பிரிவு: ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை இருக்கணும். வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துக்கலாம். பெண்களுக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். மூணு பேருக்கு ஒன்னுன்னு இல்லை, எல்லாருக்கும்.

தொழிற்சாலைக்கு எழுதினதைக் கடைக்கும் எழுத நமக்கு 73 வருஷம் ஆச்சு.

22.
அந்த அக்கா என்ன ஆனாங்க?

சர்ஜன் சொன்னபடி கால் நாடி பார்த்து, அடுக்கடுக்காக அழுத்தக் கட்டு போட்டோம். ராத்திரி காலுக்கடியில் தலகாணி வைத்து உயரமா வைக்கச் சொன்னோம். மருந்தை மாத்தலை, நிற்கிறதைக் குறைச்சோம், அவ்வளவுதான். நாலு மாசத்தில் புண் மூடிடுச்சு. அப்புறம் ஆபரேஷனும் ஆச்சு.

ஆனால் நடுவில் ஒன்னு நடந்தது. நான் "மணிக்கு ஒருதரமாவது உட்காரணும்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கடையில் காட்டினாங்க. "கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?" என்றாங்களாம். முடியலைன்னா வீட்டில் இருந்துக்கோ என்றும் சொல்லிட்டாங்க. சட்டம் வர்றதுக்கு முந்தைய கதை இது. என் மருந்துச் சீட்டு அவங்க வேலையை வாங்கிடுச்சு. புண் ஆறினதை நினைச்சு நான் சந்தோஷப்படும்போதெல்லாம் இதுவும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

23.
கொஞ்ச நாள் முன்னாடி அதே அக்கா மகளோட வந்தாங்க. மகளுக்கு இருபது, இருபத்தொன்னு இருக்கும். சளிக்கு மருந்து வாங்க வந்த பொண்ணு. இந்தமுறை நான் கேட்டேன், "என்னம்மா வேலை பாக்குற?"

"துணிக்கடைதாங்க சார். அம்மா இருந்தது இல்ல, வேற கடை."

காலைக் காட்டச் சொன்னேன். உள்பக்கக் கணுக்காலில் விசிறி மாதிரி மெல்லிய நீலக் கோடுகள்.

"கடையில ஸ்டூல் இருக்கா?"

"இருக்குங்க சார். அது மேல துணி பண்டல் அடுக்கி வெச்சிருக்காங்க."

அம்மா எதுவும் பேசலை. மகளோட காலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

24.
சட்டம் ஸ்டூலைக் கடைக்குள் கொண்டுவந்திருக்கு. பண்டலை இறக்கி வைப்பது யார் வேலை? அங்கேதான் நம்ம எல்லாருக்கும் பங்கு இருக்கு.

வாடிக்கையாளரா நீங்க கடைக்குப் போகும்போது, விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீங்க. எழுந்திரிக்கப் பார்த்தால் "உட்காரும்மா, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லுங்க. முதலாளிக்குப் பயம் வாடிக்கையாளரின் முகம்தான். அது மாறினால் பண்டல் இறங்கும்.

கடை முதலாளிகளே, அனுபவமுள்ள ஒரு ஆள் புண்ணோட வீட்டில் முடங்கினால் நஷ்டம் உங்களுக்கும்தான்.

25.
நின்று வேலை செய்யும் எல்லாருக்கும், டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கண்டக்டர், டிராஃபிக் போலீஸ், ஆசிரியர், நர்ஸ், விசைத்தறி ஓட்டுபவர், சேகோ மில்லில் நிற்பவர், எல்லாருக்கும் சில விஷயங்கள்:

• நின்ன இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க. இருபது தடவை. மணிக்கு ஒருமுறை. கெண்டைக்கால் மோட்டார் ஓடும்.
• வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நாலு எட்டு நடங்க, இல்லை உட்காருங்க.
• ராத்திரி காலை இதயத்தை விட உயரமா வைத்துப் படுங்க.
• சாயங்காலம் கால் கனக்குது, வீங்குது, கணுக்கால் அரிக்குது, கறுக்குது என்றால் அரசு மருத்துவமனையில் காட்டுங்க. புண் வரும்வரை காத்திருக்காதீங்க. நின்னபடி காலைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.
• காலுறையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. முக்கியமா சுகர் இருப்பவர்களும், புகை பிடிப்பவர்களும். காலுக்கு வரும் ரத்த ஓட்டம் குறைவா இருந்தால் அழுத்தமே ஆபத்து. நாடி பார்த்த பிறகுதான். போட்டால் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்னாடியே போடணும்.

26.
ரெண்டு அவசரம் மட்டும் மறக்காதீங்க.

ஒன்று, புடைச்ச குழாய் உடைஞ்சு ரத்தம் பீய்ச்சினால், உடனே கீழே படுங்க, காலை மேலே தூக்குங்க, சுத்தமான துணியை மடிச்சு அந்த இடத்திலேயே அழுத்திப் பிடிங்க. மேலே கயிறோ துண்டோ இறுக்கிக் கட்டாதீங்க. அது சிரை ரத்தத்தைத் தேக்கிக் கசிவைக் கூட்டும். பயந்து எழுந்து ஓடினாலும் ரத்தம் கூடும். அழுத்திப் பிடிச்சபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாங்க.

ரெண்டு, ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சால், ஆழமான சிரையில் ரத்தம் உறைஞ்சிருக்கலாம். தேய்க்காதீங்க, நீவி விடாதீங்க. அன்னைக்கே வந்துடுங்க. கூடவே மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்க.

27.
கடைசியா என்னைப் போன்ற இளம் மருத்துவர்களுக்கு. ஓபியில் கூட்டம் எனக்கும் தெரியும். ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கிடைச்சால் பெரிசு. அதில் அஞ்சு செகண்டை 1700-ல் ரமாசினி கேட்கச் சொன்ன கேள்விக்கு ஒதுக்குங்க. கால் புண்ணா? நிக்க வைத்துப் பாருங்க. "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேளுங்க.

அந்தப் பொண்ணை ஸ்கேனுக்கு சேலம் அனுப்பியிருக்கேன். சீட்டில் இந்தமுறையும் "மணிக்கு ஒருதரம் உட்காரணும்" என்று எழுதியிருக்கேன். கீழேயே சட்டத்தின் பெயரையும் 22-ஏ பிரிவையும் எழுதிக் கொடுத்திருக்கேன். என்ன ஆச்சுன்னு அடுத்தமுறை வரும்போது கேட்கணும்.

நின்னுக்கிட்டே படிச்சிருந்தா, இப்பவாவது உட்காருங்க. 🙏